வலி நின்றாலும் மருந்தை நிறுத்தாதீர்கள்: கடற்கரைக்காரர்களுக்கு ஆட்டோ இம்யூன் நோய்க் கையேடு

காலையில் எழுந்ததும் விரல்களை மடக்க முடியவில்லை. குடத்தின் கழுத்தைப் பிடிக்க முடியவில்லை, சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. பத்து மணி வாக்கில் கை தானாகவே இளகிவிடுகிறது. இது ஆறு வாரத்துக்கு மேல் நீடித்தால் உப்பளத்தில் வாரி இழுத்த அசதி என்றோ வாயு என்றோ ஒதுக்கக் கூடாது. வேலையால் வந்த வலி ஓய்வெடுத்தால் குறையும். மூட்டழற்சி வலி ஓய்வில்தான் ஏறும், கை கால் அசைந்தபின் குறையும். இந்த ஒரு வித்தியாசத்தைத் தெரிந்துகொண்டால் பல மாதங்கள் வீணாகாது.

தொண்டி முதல் ராமேஸ்வரம் வரைக்கும், மண்டபத்தில் இருந்து கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், சாயல்குடி வரைக்கும் உள்ளவர்களை மனதில் வைத்து எழுதியது இது. மருத்துவருக்கு மாற்றாகாது. மருத்துவர் எழுதித் தந்ததை வீட்டிலும் படகிலும் கடல்பாசி எடுக்கும் இடத்திலும் தவறாமல் நடத்துவது எப்படி என்பதற்கு உதவும்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது

கிருமியைக் கொல்ல வேண்டிய வெள்ளை அணுக்கள் சொந்த உடம்பையே அந்நியமாக எண்ணித் தாக்குவதுதான் ஆட்டோ இம்யூன் நோய். எல்லோர் உடம்பிலும் இப்படித் தாக்கக்கூடிய அணுக்கள் கொஞ்சம் உருவாகின்றன. நெஞ்செலும்புக்குப் பின்னால் உள்ள தைமஸ் சுரப்பி அவற்றில் பெரும்பாலானவற்றைக் கழித்துக்கட்டும். தப்பி வெளியே வருபவற்றை "ஒழுங்குபடுத்தும் டி அணுக்கள்" என்ற இன்னொரு வகை வெள்ளை அணுக்கள் அடக்கி வைக்கும். இந்த அடக்கும் அணுக்களைக் கண்டறிந்து விளக்கியதற்காகத்தான் 2025இல் மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல், ஷிமோன் சகாகுச்சி ஆகிய மூவருக்கும் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. பரம்பரை வாகு ஒரு பக்கம், கிருமித் தொற்று, பீடி சிகரெட் புகை, ஹார்மோன் மாற்றம், சில நோய்களில் வெயில் என்று தூண்டுகோல்கள் இன்னொரு பக்கம். இரண்டும் சேரும்போது அந்த அடக்குமுறை தளர்கிறது. யார் செய்த பாவமும் இதில் இல்லை, ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றவும் தொற்றாது.

தாக்கப்படும் இடத்தைப் பொறுத்து நோயின் பெயர் மாறுகிறது. முடக்குவாதத்தில் மூட்டின் உள்சவ்வு வீங்கித் தடித்து, குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கிறது. தைராய்டு அழிந்தால் சோர்வு, உடல் பருமன், மாதவிடாய்க் குளறுபடி. கணையத்தின் பீட்டா அணுக்கள் அழிந்தால் முதல் வகைச் சர்க்கரை நோய், அது பெரும்பாலும் பிள்ளைகளுக்கு. தோலின் நிற அணுக்கள் அழிந்தால் வெண்புள்ளி. இது தொழுநோய் இல்லை, வெண்புள்ளியில் உணர்ச்சி இருக்கும்.

லூபஸைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் கடற்கரை வெயிலுக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. இந்த நோயில் உடம்பு தன் அணுக்கருவுக்கு எதிராகவே எதிர்ப்பொருள் செய்கிறது. வெயிலின் புற ஊதாக் கதிர் தோல் அணுக்களைச் சிதைக்கும்போது அணுக்கருச் சரக்கு வெளியே கொட்டுகிறது. எதிர்ப்பொருள் அதில் போய் ஒட்டி, அந்தக் கலவை ரத்தத்தில் மிதந்து சிறுநீரக வடிகட்டியில் அடைகிறது. முகத்தில் பட்ட வெயில் சில நாளிலோ வாரங்களிலோ சிறுநீரில் புரதமாக வெளிப்படுவது இப்படித்தான். பத்து லூபஸ் நோயாளிகளில் ஒன்பது பேர் பெண்கள், அதிலும் பிள்ளை பெறும் வயதில் இருப்பவர்கள். வெயிலில் பாசி எடுப்பதும் மீன் தரம் பிரிப்பதும் கருவாடு உலர்த்துவதும் பெரும்பாலும் அவர்கள்தான்.

எதைக் கண்டால் சந்தேகிக்க வேண்டும்

முடக்குவாதம்: இரண்டு கையிலும் ஒரே மாதிரி வீக்கம். விரலின் நடுக்கணுவும் விரல் உள்ளங்கையோடு சேரும் கணுவும் மணிக்கட்டும் வீங்கும், நகத்துக்கு அடுத்த கணு பொதுவாகத் தப்பிவிடும். காலை இறுக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீளும். கைகுலுக்குவதுபோல் விரல் அடிக்கணுக்களைச் சேர்த்து அமுக்கினால் சுருக்கென்று வலிக்கும்.

லூபஸ்: மூக்குத் தண்டின் மேலாக இரண்டு கன்னத்திலும் படரும் சிவப்பு, வலியில்லாத வாய்ப்புண், கொத்தாக முடி உதிர்தல், காரணம் தெரியாத காய்ச்சல், கால் வீக்கம், நுரைத்த சிறுநீர்.

இளவயது ஆண்களுக்கு இடுப்பு வலி மூன்று மாதத்துக்கு மேல் இருந்து, விடியற்காலை இரண்டு மூன்று மணிக்கு எழுப்பிவிட்டு, எழுந்து நடந்தால் குறைந்தால், அது வலை இழுத்ததால் வந்த பிடிப்பாக இருக்காது. முதுகெலும்பு மூட்டுகளைத் தாக்கும் அழற்சி அது. பல வருடம் கவனிக்காமல் விட்டால் முதுகு மூங்கில் போல ஒட்டிப் போகும். இந்தக் கடற்கரையில் ஆண்களிடம் மிகத் தாமதமாகப் பிடிபடுவது இதுதான். படகு வேலை செய்கிறவனுக்கு இடுப்பு வலிக்காமல் இருக்குமா என்று எல்லோரும் நினைத்துவிடுவார்கள்.

முடிவு கட்டுவதற்கு முன் போலிகளைக் கழிக்க வேண்டும். சிக்குன்குனியா வந்து போனவருக்கு மாதக்கணக்கில் மூட்டு வீக்கம் நிற்கும், அது அச்சு அசலாக முடக்குவாதம் போலவே இருக்கும். அதனால் சமீபத்தில் கடும் காய்ச்சல் வந்ததா என்று மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். தொழுநோயின் எதிர்வினையிலும் மூட்டு வீங்கும், தோலில் உணர்ச்சியற்ற தேமல் இருந்தால் அதையும் காட்டுங்கள். காசநோய் ஒரே ஒரு பெரிய மூட்டைப் பிடிக்கும். கால் கட்டைவிரல் ஒன்று மட்டும் இரவோடு இரவாகச் சிவந்து வீங்கினால் யூரிக் அமிலமாக இருக்கலாம்.

பரிசோதனை: எதற்குப் பணம் கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்

மூட்டு வீங்கியவருக்கு முதல் கட்டத்தில் போதுமானவை: ரத்த அணு எண்ணிக்கை, அழற்சியின் அளவைக் காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., சிறுநீரகத்துக்குக் கிரியேட்டினின், கல்லீரல் என்சைம்கள், சிறுநீர்ப் பரிசோதனை, முடக்குவாத எதிர்ப்பொருள்களைத் தேடும் ஆர்.ஏ. ஃபேக்டர், ஆன்டி சி.சி.பி., கை பாத எக்ஸ்ரே. மலிவானது சிறுநீர்ப் பரிசோதனை. ஆனால் அதைத்தான் முதலில் தவிர்க்கிறார்கள்.

ஆர்.ஏ. ஃபேக்டர் பாசிட்டிவ் என்பதாலேயே முடக்குவாதம் இல்லை. காசநோய், தொழுநோய், கல்லீரல் அழற்சி சி, ஏன், வயது ஏறினாலே பாசிட்டிவ் வரும். நெகட்டிவ் என்றாலும் நோய் இல்லை என்று ஆகாது, நாலில் ஒரு பங்கு முடக்குவாத நோயாளிகளுக்கு அது நெகட்டிவாகவே இருக்கும். ஆன்டி சி.சி.பி. இதைவிட நம்பகமானது, பாசிட்டிவாக இருந்தால் எலும்பு அரிக்கும் வாய்ப்பு அதிகம் என்பதையும் முன்கூட்டியே சொல்லும்.

அணுக்கருவுக்கு எதிரான எதிர்ப்பொருளைத் தேடும் ஏ.என்.ஏ. பரிசோதனை பலரைக் காரணமில்லாமல் அழவைக்கிறது. ரத்த நீரை 1:40 அளவில் நீர்த்துப் பார்த்தால் நல்ல ஆரோக்கியமாக இருப்பவர்களிலேயே ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அது பாசிட்டிவ், 1:160 அளவில்கூட நூற்றுக்கு ஐந்து பேருக்கு. அறிகுறியே இல்லாமல் "முழு உடல் பரிசோதனை"யில் ஏ.என்.ஏ. எடுக்காதீர்கள். பெரியவர்களின் மூட்டு வலிக்கு ஏ.எஸ்.ஓ. என்ற ரத்தப் பரிசோதனை எடுத்து, அது கூடுதல் என்று மாதாமாதம் பென்சிலின் ஊசி போடுவதும் இன்னும் நடக்கிறது. பழைய தொண்டைத் தொற்று இருந்தது என்பதற்கு மேல் அந்த எண் எதையும் சொல்வதில்லை.

நேரம் முக்கியம். வீக்கம் தொடங்கி மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் மருந்து ஆரம்பித்தால் மூட்டு கோணாமல் தப்பும். அரித்த எலும்பு திரும்பி வராது. ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பொது மருத்துவப் பிரிவில் தொடங்கலாம். சிறுநீரகம், நுரையீரல், மூளை என்று உள்ளுறுப்பு பாதித்திருந்தால் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். ராமேஸ்வரத்தில் இருந்து சுமார் 170 கிலோமீட்டர், ஆகவே போகும் நாளில் பழைய சீட்டு, எக்ஸ்ரே, சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகள் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். மாத்திரையைக் கொட்டி வைத்த டப்பாவைக் கொண்டுபோனால் யாராலும் அடையாளம் காண முடியாது.

மெத்தோட்ரெக்சேட்: வாரம் ஒரு முறை, ஒரே கிழமை

முடக்குவாதத்தின் முதன்மை மருந்து இது. இது சரியாகச் சாப்பிட்டால் காப்பாற்றும், தவறாகச் சாப்பிட்டால் கொல்லும். வழக்கமாக வாரத்துக்கு 7.5 முதல் 15 மி.கி.யில் தொடங்கி, தேவைப்பட்டால் 25 மி.கி. வரை ஏற்றுவார்கள். மாத்திரை 2.5, 5, 7.5, 10, 15 மி.கி. அளவுகளில் வருகிறது. நிறமும் உருவமும் ஒன்றுபோல இருக்கும். அதனால் கடைக்காரர் மாற்றிக் கொடுத்தால், அட்டையில் உள்ள எண்ணைச் சீட்டோடு ஒப்பிட்டுப் பாராமல் வாங்காதீர்கள்.

நடக்கும் பெரிய விபத்து இதுதான்: வீட்டில் யாரோ "தினம் ஒண்ணு" என்று புரிந்துகொண்டு தினமும் கொடுத்துவிடுவது. நாலைந்து நாளிலேயே வாயெல்லாம் புண்ணாகும், வெள்ளை அணு விழும், காய்ச்சல் வரும். அப்படி நடந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்கு ஓட வேண்டும், ஃபோலினிக் அமிலம் என்ற முறிவு மருந்து உண்டு. இதைத் தடுக்க அட்டையின் மேல் மார்க்கர் பேனாவால் கிழமையைப் பெரிதாக எழுதி, சுவர் நாட்காட்டியில் சாப்பிட்ட நாளைச் சுழியுங்கள்.

எந்தக் கிழமை என்பதை வேலையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். மாத்திரை சாப்பிட்ட மறுநாள் சிலருக்குக் குமட்டலும் அசதியும் இருக்கும். ராமேஸ்வரம் பக்கம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி கடலுக்குப் போய் மறுநாள் திரும்புகின்றன. அந்தப் படகில் போகிறவர்களுக்கு வியாழன் இரவு பொருத்தமானது, வெள்ளிக்கிழமை கரையில் இருப்பார்கள். நாட்டுப்படகுக்காரர்கள் ஊர் விடுமுறைக்கு முந்தின இரவை எடுத்துக்கொள்ளலாம். மறந்துவிட்டால் இரண்டு நாளுக்குள் ஞாபகம் வந்தால் சாப்பிடலாம், அதற்கு மேல் போனால் அந்த வாரத்தை விட்டுவிட்டு அடுத்த வாரம் அதே கிழமைக்கு வாருங்கள். இரட்டிப்பாகச் சாப்பிடக் கூடாது.

ஃபோலிக் அமிலம் 5 மி.கி. மாத்திரையை மெத்தோட்ரெக்சேட் சாப்பிடாத நாளில், பொதுவாக மறுநாள், எழுதுவார்கள். வாய்ப்புண்ணும் குமட்டலும் இதனால் குறையும். ரத்த அணு, கல்லீரல், கிரியேட்டினின் பரிசோதனை முதல் மூன்று மாதம் இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒரு முறை, பிறகு எட்டு முதல் பன்னிரண்டு வாரத்துக்கு ஒரு முறை. சாராயம் கூடாது, கல்லீரல் இரண்டு சுமை தாங்காது. காய்ச்சலுக்கோ சிறுநீர்த் தொற்றுக்கோ கோட்ரைமாக்சசோல் மாத்திரை கொடுத்தால் மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுவதைச் சொல்லி மறுத்துவிடுங்கள். இரண்டும் சேர்ந்தால் எலும்பு மஜ்ஜை படுத்துவிடும்.

இந்த மருந்து வேலை செய்ய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். நான்காவது வாரத்தில் "ஒண்ணும் கேக்கல" என்று நிறுத்துகிறவர்கள் ஏராளம்.

ஹைட்ராக்சிகுளோரோகுயின்

லூபஸுக்கு இது அடித்தளம். உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 5 மி.கி.க்கு மேல் போகக் கூடாது. 40 கிலோ உள்ளவருக்கு 200 மி.கி. மாத்திரை தினம் ஒன்று. 60 கிலோ என்றால் ஒரு நாள் ஒன்று, மறுநாள் இரண்டு என்று மாற்றி மாற்றி. மெலிந்த பெண்களுக்கும் கண்ணை மூடிக்கொண்டு தினம் இரண்டு எழுதுவதுண்டு, எடையைச் சொல்லி ஒரு வார்த்தை கேளுங்கள். அளவு மீறி வருடக்கணக்கில் போனால் விழித்திரை கெடும், கெட்டது திரும்பாது. முதல் வருடத்துக்குள் ஒரு கண் பரிசோதனை, ஐந்து வருடத்துக்குப் பிறகு ஆண்டுதோறும். விசைப்படகில் கடலுக்குப் போகிறவர்கள் இதற்கு மீன்பிடித் தடைக்காலத்தை, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாளை, வைத்துக்கொள்ளலாம். எக்ஸ்ரே, பல் வைத்தியம், தடுப்பூசி எல்லாமே அப்போதே முடியும்.

அதே 61 நாளில்தான் கையில் காசில்லை என்று மாத்திரையை விடுகிறார்கள் என்பதும் உண்மை. மெத்தோட்ரெக்சேட், ஹைட்ராக்சிகுளோரோகுயின், சல்ஃபாசலசின், பிரெட்னிசலோன் எல்லாம் பெரிய அரசு மருத்துவமனைகளில் இலவசம். வெளியில் வாங்க நேர்ந்தால் மக்கள் மருந்தகத்திலும் முதல்வர் மருந்தகத்திலும் முதலில் விசாரியுங்கள்.

ஸ்டீராய்டும் பொட்டல மாத்திரையும்

1948இல் அமெரிக்காவில் ஃபிலிப் ஹென்ச் குழுவினர் முடங்கிக் கிடந்த பெண் ஒருவருக்கு கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட, சில நாளில் அவர் எழுந்து நடந்தார். 1950இல் நோபல் பரிசும் கிடைத்தது. பக்கவிளைவுகள் ஒவ்வொன்றாக வெளிவர அதிக காலம் ஆகவில்லை. இன்றைக்கும் சந்தைப்பேட்டைகளில் "ஒரே ஊசியில் மூட்டுவலி போச்சு" என்று பெயர் வாங்குவது பெரும்பாலும் இதே வகை மருந்துதான். வண்ண வண்ணமாக நாலைந்து மாத்திரையைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தால், அல்லது பெயர் ஒட்டாத சூரணம் இரண்டே நாளில் அதிசயமாய் வலியை எடுத்தால், அதில் டெக்ஸாமெத்தசோனோ பிரெட்னிசலோனோ ஏதோ ஒரு ஸ்டீராய்டு இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். வலி நிற்கும், அழற்சி மறைவில் எலும்பை அரித்துக்கொண்டே இருக்கும். முகம் வட்டமாக உப்பும், சர்க்கரையும் அழுத்தமும் ஏறும், கண்ணில் புரை விழும், இடுப்பெலும்பு உளுத்துப்போகும்.

மருத்துவர் எழுதித் தந்த பிரெட்னிசலோன் வேறு கதை. காலையில் சாப்பாட்டுக்குப் பின், எழுதிய அளவு, எழுதிய வரிசையில் குறைத்து வர வேண்டும். மூன்று வாரத்துக்கு மேல் சாப்பிட்டவர் திடீரென நிறுத்தக் கூடாது. வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்ததால் சிறுநீரகத்தின் மேல் உள்ள அட்ரினல் சுரப்பி வேலையை விட்டிருக்கும், அது மறுபடி எழுந்திருக்க வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். திடீரென நிறுத்தினால் கடும் சோர்வு, வாந்தி, வயிற்று வலி, அழுத்தம் விழுந்து மயக்கம். காய்ச்சலிலும் அறுவை சிகிச்சையிலும் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும், எவ்வளவு என்று முன்கூட்டியே கேட்டு எழுதி வையுங்கள். வாந்தியில் மாத்திரை நிற்கவில்லையென்றால் ஊசியாகப் போட வேண்டும், அதற்குக் காத்திருக்கக் கூடாது. பொட்டல மாத்திரையை மாதக்கணக்கில் சாப்பிட்டவர்களும் அதை ஒரே நாளில் தூக்கி எறியாமல், பொட்டலத்தோடு மருத்துவரிடம் போய் முறையாகக் குறைக்க வேண்டும்.

டைக்ளோஃபெனாக் மாதிரியான வலிநிவாரணி உப்பளத்திலும் படகிலும் மிகச் சாதாரணமாகப் புழங்குகிறது. வியர்த்துத் தண்ணீர் வற்றிய உடம்பில், ரத்த அழுத்த மாத்திரையும் சேர்ந்திருந்தால், சிறுநீரகம் சில நாளில் படுத்துவிடும். லூபஸ் சிறுநீரகத்தை ஏற்கெனவே தொட்டிருந்தால் அறவே கூடாது. வலி தாங்காத நாளில் பாரசிட்டமால் போதுமா என்று முதலில் பாருங்கள்.

வெயில்

மணலும் உப்புப் பாத்தியும் கடல் நீரும் வெயிலைத் திருப்பி அடிக்கும், குடை மட்டும் பிடித்தால் கீழிருந்து வருவது தடுபடாது. லூபஸ் உள்ளவர்கள் காலை பத்து முதல் மாலை நான்கு வரை திறந்த வெயிலைத் தவிர்க்க வேண்டும். பாசி எடுக்கிறவர்களுக்கும் உப்பளத்துக்காரர்களுக்கும் இது எளிதில்லை. விடியலில் தொடங்கி ஒன்பதரைக்கு முடிக்கக்கூடிய வேலையைக் கேட்டு வாங்குங்கள், கரையில் நிழலில் பாசி அலசுவது, வலை பின்னுவது போன்ற வேலைக்கு மாறலாமா என்று குழுவில் பேசுங்கள். கடலில் இறங்கியே ஆக வேண்டும் என்றால் சேலைக்கு மேல் போடும் சட்டை அடர்ந்த நெசவாக, அடர்நிறமாக இருக்கட்டும். நனைந்த வெள்ளைப் பருத்தி வழியாக வெயில் அதிகம் இறங்கும். கழுத்தும் காதும் மறையும்படி தலையில் துணி, நல்ல அகல விளிம்புத் தொப்பி.

சன்ஸ்கிரீன் எஸ்.பி.எஃப். 30க்கு மேல், முடிந்தால் 50. ஆட்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்குப் பிதுக்கினால்தான் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியான அளவு. நகக்கண் அளவு தொட்டுப் பூசுவதால் பயன் சொற்பம். கிளம்புவதற்குக் கால் மணி முன்பே பூசி, இரண்டு மணிக்கு ஒரு தரம், நீரில் மூழ்கி எழுந்ததும் ஒரு தரம் பூசுங்கள். வெயிலை முழுக்கத் தவிர்ப்பவர்களுக்கு வைட்டமின் டி குறையும், அதற்கும் மாத்திரை கேளுங்கள்.

ஐஸ், காயம், கடல் நீர்

மீன் தரம் பிரிக்கையில், இறால் உரிக்கையில் ஐஸைத் தொட்டதும் விரல் வெளுத்து, நீலமாகி, பிறகு சிவந்து சுளீர் என்று எரிந்தால் அது வெறும் விறைப்பு இல்லை. ரத்தக் குழாய்கள் இறுகும் இந்தக் கோளாறு தனியாகவும் வரும், லூபஸோடும் தோல் இறுகும் நோயோடும் சேர்ந்தும் வரும். உள்ளே பருத்திக் கையுறை, வெளியே ரப்பர் கையுறை, ஐஸை அள்ளக் கரண்டி. கை வெளுத்ததும் வெதுவெதுப்பான நீரில் வையுங்கள், கொதிநீரில் வைத்தால் உணர்ச்சி இல்லாத விரல் வெந்துபோகும். பீடி நிறுத்தியே ஆக வேண்டும். விரல் தோல் பளபளவென்று இறுகினாலோ சாப்பாடு நெஞ்சில் நின்றாலோ காலம் கடத்தாதீர்கள்.

மருந்து எதிர்ப்புசக்தியைக் குறைத்து வைத்திருக்கும்போது கெளுத்தி முள், திருக்கை முள், கடலடிப் பார் (பாறை) கிழித்த கீறல் எல்லாமே பெரிய விஷயம். வெதுவெதுப்பான கடல் நீரில் வாழும் சில கிருமிகள் காயம் வழியாக நுழைந்து ஒரே நாளில் சதையை அழுகச் செய்யும். நல்ல தண்ணீரும் சோப்பும் கொண்டு ஐந்து நிமிடம் கழுவி, முள் ஒடிந்து உள்ளே நின்றதா என்று பார்த்து, மூடிக் கட்டுங்கள். சில மணி நேரத்தில் சிவப்பு பரவினாலோ கொப்புளம் வந்தாலோ காய்ச்சல் அடித்தாலோ அன்றைக்கே மருத்துவமனை. ஆறாத புண்ணோடு கடலில் இறங்க வேண்டாம்.

சாப்பாடு

குறிப்பிட்ட உணவால் இந்த நோய் வருவதும் இல்லை, உணவால் மட்டும் தீர்வதும் இல்லை. கத்தரிக்காயை விலக்கியதால் யாருக்கும் முடக்குவாதம் போனதில்லை. மத்தி, சூடை போன்ற மலிவான மீன்களில் உள்ள கொழுப்பு அழற்சியைக் கொஞ்சம் தணிக்கும், நல்லது, சாப்பிடுங்கள்.

கருவாடுதான் பிரச்சினை. பிரெட்னிசலோன் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்குகிறது, அதன்மேல் கருவாட்டு உப்பும் சேர்ந்தால் கால் வீக்கமும் ரத்த அழுத்தமும் ஏறும். ஒரு நாளைக்கு மொத்த உப்பு 5 கிராம், ஒரு தேக்கரண்டி, அதில் ஊறுகாயும் அப்பளமும் அடக்கம். கருவாட்டை விட முடியாதென்றால் வெந்நீரில் ஊறவைத்து இரண்டு மூன்று தண்ணீர் மாற்றி, குழம்பில் தனியாக உப்புப் போடாமல், எப்போதாவது. சிறுநீரகம் பாதித்திருந்தால் அதுவும் வேண்டாம். உவர்ப்பான ஆழ்குழாய்த் தண்ணீரைச் சமையலுக்குப் புழங்குகிறவர்கள் அதிலும் உப்பு இருக்கிறது என்பதைக் கணக்கில் வையுங்கள்.

"எதிர்ப்புசக்தியைக் கூட்டும்" என்று விற்கப்படுவதை வாங்காதீர்கள். இங்கே கூட்ட வேண்டிய தேவையே இல்லை, தவறான திசையில் ஓடுவதைக் கட்டுப்படுத்தத்தானே மாத்திரை. கொரோனா காலத்தில் சீந்தில் கொடியைத் தொடர்ந்து குடித்தவர்களுக்கு ஆட்டோ இம்யூன் வகைக் கல்லீரல் அழற்சி வந்ததை 2021இல் மும்பை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில், டீக்கும் சாப்பாட்டுக்கும் அரை மணி முதல் ஒரு மணி முன்பு. சுண்ணாம்பு, இரும்பு மாத்திரைக்கும் இதற்கும் நான்கு மணி இடைவெளி.

நோன்பு

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி வீடுகளில் ரமலானுக்கு ஒரு மாதம் முன்பே மருத்துவரைப் பார்த்துவிடுவது நல்லது. நோய் அடங்கி, சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களில் பலர் நோன்பு வைக்க முடியும். மெத்தோட்ரெக்சேட்டை அதே கிழமை நோன்பு திறந்து சாப்பிட்ட பின், பிரெட்னிசலோனை சஹர் உணவோடு, தைராய்டு மாத்திரையை இரவுச் சாப்பாட்டுக்கு மூன்று மணி கழித்துப் படுக்கப் போகும் முன். முதல் வகைச் சர்க்கரை நோய், சிறுநீரகத்தைத் தொட்ட லூபஸ், அதிக அளவு ஸ்டீராய்டு, இந்த நிலைகளில் நோன்பு ஆபத்து. நோயாளிக்கு மார்க்கத்திலேயே விலக்கு உண்டு, பிடிவாதம் வேண்டாம்.

பிள்ளைப்பேறு

கலியாணம் பேசும்போது நோயை மறைத்து, பிறகு மாத்திரையையும் மறைத்துச் சாப்பிடுவது வழக்கமாக இருக்கிறது. எதிர்ப்புசக்தியைக் குறைக்கும் மருந்துகளில் மெத்தோட்ரெக்சேட், மைகோஃபெனோலேட், லெஃப்ளுனோமைடு மூன்றும் கருவைச் சிதைக்கும். முன்கூட்டியே மாற்ற வேண்டும், மெத்தோட்ரெக்சேட்டைக் கருத்தரிக்க மூன்று மாதம் முன்பே நிறுத்துவது வழக்கம். ஹைட்ராக்சிகுளோரோகுயினை நிறுத்தவே கூடாது, கர்ப்பத்திலும் பால் கொடுக்கும்போதும் பாதுகாப்பானது. நிறுத்தினால்தான் நோய் கிளம்பும். லூபஸ் ஆறு மாதமாவது அடங்கியிருந்த பின் கருத்தரிப்பது நல்லது. மூன்று முறை கரு கலைந்த பெண்ணை ராசியில்லாதவள் என்று ஒதுக்கும் முன், ரத்தத்தை உறையவைக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் ஆன்டி ஃபாஸ்போலிப்பிட் பரிசோதனை எடுங்கள். ஆஸ்பிரினும் ஹெப்பாரின் ஊசியும் கொடுத்துப் பிள்ளை பெற வைக்கும் வழி இருக்கிறது. ஆன்டி ரோ என்ற எதிர்ப்பொருள் பாசிட்டிவான தாய்மாருக்குக் குழந்தையின் இதயத்துடிப்பைக் கர்ப்பத்தில் தனியாகப் பார்க்க வேண்டும்.

படகிலும் வெளிநாட்டிலும்

ஊசி மருந்துகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. இன்சுலினும், மூட்டழற்சிக்குப் போடும் அடாலிமுமாப் போன்ற உயிரியல் ஊசிகளும் 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும், ஆனால் உறையக் கூடாது. மீன் ஐஸ் பெட்டியில் நேராக வைத்தால் உறைந்து வீணாகும், உருகிய பின் பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும். புழக்கத்தில் உள்ள இன்சுலினை ஈர மணல் சூழ்ந்த மண்பானையில் வைத்தாலே போதும். உயிரியல் ஊசி தொடங்கும் முன் காசநோய்ப் பரிசோதனையும் கல்லீரல் அழற்சி பி, சி பரிசோதனையும் கட்டாயம். ஒளிந்திருக்கும் காசநோய் இந்த ஊசியில் விழித்துக்கொள்ளும். அம்மை, மஞ்சள் காய்ச்சல் போன்ற உயிருள்ள தடுப்பூசிகள் எதிர்ப்புசக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுகையில் கூடாது. கப்பல் வேலைக்கோ ஆப்பிரிக்காவுக்கோ போகிறவர்கள் இதை முன்பே பேசிவிட வேண்டும். வளைகுடாவுக்குப் போகிறவர்கள் மருந்தின் பொதுப் பெயர் எழுதிய சீட்டை மாத்திரையோடு வைத்துக்கொள்ளுங்கள்.

பிரெட்னிசலோன் சாப்பிடுகிறவர் ஒரு நாள் பயணத்துக்கும் நான்கு நாள் மாத்திரை எடுத்துப் போக வேண்டும். நீர் புகாத உறையில், நோயின் பெயர், மருந்து, அளவு, "திடீரென நிறுத்தக் கூடாது" என்ற வரி எழுதிய அட்டையும் கூட இருக்கட்டும். இயந்திரம் பழுதானாலும் இலங்கைக் கடற்படை பிடித்துப் போனாலும் நாட்கள் நீளும். வீட்டில் இருப்பவர்கள் மீன்வளத் துறை அதிகாரிகளிடம் முதல் நாளே கொடுக்க வேண்டிய தகவல் இந்த அட்டையின் நகல்தான்.

மருந்து எடுப்பவர் 108ஐ அழைக்க வேண்டிய நேரங்கள்: மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, வலிப்பு, குழப்பமான பேச்சு, ஒரு பக்கம் செயலிழப்பு, ஸ்டீராய்டு நின்று வாந்தியோடு மயக்கம். 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், சிறுநீர் அளவு குறைதல், கறுத்த மலம், வாய் முழுக்கப் புண் என்றால் அன்றைக்கே மருத்துவமனை. வண்டி வந்ததும் முதலில் சொல்ல வேண்டியது மருந்தின் பெயர், கடைசியாக எப்போது சாப்பிட்டது, எத்தனை மில்லிகிராம்.